தோசையைக் காதாலும் தின்கிறோம்

குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் நெய்ரோஸ்ட் சாப்பிட்டுச் சொக்கிப்போன வாசகர் ஒருவர், மறுநாள் அதையே பார்சல் வாங்கிப்போய் விடுதி அறையில் பிரித்திருக்கிறார். சப்பென்று இருந்ததாம். “அப்படியானால் முதல் நாள் நான் ரசித்தது தோசையையா, மலைக்காட்சியையா?” என்று கேட்கிறார்.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) ஆகிய ஐந்துதான். நெய் மணமும் பெருங்காய வாசமும் மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகின்றன. ஜலதோஷம் பிடித்த அன்று ரசம் வெந்நீராகிவிடுவது அதனால்தான். கண்ணுக்கும் இதில் பங்குண்டு. பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வாசமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் வாசனையை அவர்கள் வர்ணித்ததாக 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது காதின் கதை. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஸாம்பினியும் ஸ்பென்ஸும் 20 பேரை ஒவ்வொருவராக ஒலி அடங்கிய அறையில் உட்காரவைத்து, பிரிங்கிள்ஸ் சிப்ஸை முன்பற்களால் கடிக்கச் சொன்னார்கள். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே வடிவம் என்பதால்தான் அந்தச் சிப்ஸ். கடிக்கும் சத்தத்தை மைக் வாங்கி, அந்தக் கணமே ஹெட்ஃபோனில் திருப்பித் தந்தது. சத்தத்தைக் கூட்டியபோதோ, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சு ஒலிகளை மட்டும் உயர்த்தியபோதோ சிப்ஸ் புதிதாக, மொறுமொறுவென்று இருப்பதாகச் சொன்னார்கள். குறைத்தால் நமத்துவிட்டது என்றார்கள். சிப்ஸ் என்னவோ ஒரே சிப்ஸ்தான்.

ஏன் இப்படி? மொறுமொறுப்பான பண்டத்தில் ஈரம் மிகக் குறைவு. காய்ந்த ஸ்டார்ச் சுவர்கள் பல்லுக்கு வளைந்துகொடுக்காமல் விறைத்து நின்று, சட்டென்று முறிகின்றன. ஒரு கடிக்குள் இப்படிப் பல முறிவுகள், ஒவ்வொன்றுக்கும் கூர்மையான ஒரு சிறு ஒலித்துடிப்பு. ஈரம் ஏறினால் அதே சுவர் தொய்கிறது, சத்தம் மந்தமாகிறது. பல் உணரும் அதிர்வும் காது கேட்கும் ஒலியும் ஒரே கணத்தில் வருவதால் மூளை அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. காதின் தகவலும் பல்லின் கணக்கிலேயே வரவாகிறது. இத்தனைக்கும் தாடை எலும்பு வழியே உள்ளுக்குள் போகும் சத்தத்தில் ஆய்வாளர்கள் கைவைக்கவில்லை. காற்று வழி வரும் பங்கை மாற்றியதே போதுமானதாக இருந்தது!

இந்த ஆய்வுக்கு 2008இல் இக்னோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் தரும் வேடிக்கைப் பரிசுதான் அது. ஆனால் முகர்திறன் மங்கி, சாப்பாடே பிடிக்காமல் மெலியும் முதியவர்களுக்கு, மணத்தில் குறைந்ததை மொறுமொறுப்பால் ஈடுகட்ட இந்த அறிவு உதவக்கூடும். அப்பளமும் முறுக்கும் பொரிக்கும் நம் நாட்டில் இதற்குப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. சிப்ஸ் கம்பெனிகளிடமே விட்டுவைத்தால் அவர்கள் விற்பனைக்கு வேண்டியதை மட்டும்தான் ஆராய்வார்கள்.

வாசகரின் தோசைக்கு வருவோம். சூடாக மடித்துக் கட்டியதும் அதன் ஆவி வெளியேற வழியில்லாமல் தோசைக்குள்ளேயே இறங்குகிறது. அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் முறுகலும் சத்தமும் போயின. ஆறிய நெய்யிலிருந்து மணமும் குறைவாகவே எழும். ஆகவே குற்றத்தில் பெரும்பங்கு பொட்டலத்தின் மேல்தான் என்பேன். மலைக்காட்சிக்கு இருக்கும் பங்கு மனநிலை, எதிர்பார்ப்பு வழியாக வருவது. இடத்தின் அமைதியும் சேர்ந்திருக்கலாம். பலத்த இரைச்சலில் உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரிவதாக 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

பிரித்துப் பார்க்க வழியுண்டு. அடுத்த முறை அதே மேசையில் இரண்டு நெய்ரோஸ்ட் சொல்லுங்கள். முதலாவதைப் பார்சல் கட்டச் சொல்லி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகு இரண்டாவதைக் கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரவழைத்து, மலையைப் பார்த்தபடி இரண்டையும் மாறி மாறிச் சாப்பிடுங்கள். பார்சல் தோசை அங்கேயும் சப்பென்றிருந்தால் மலையை விட்டுவிடலாம். சர்வர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.