குச்சி எதற்கு?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் முதலுதவி வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பழைய சாரத்தை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு பையனின் மேற்கையைச் சுற்றித் தன் பலத்தையெல்லாம் போட்டு முடிந்தார். "மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள்" என்றார். பிடித்தேன். துடிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் கை கறுத்து, புறங்கையில் நாளங்கள் புடைத்துக்கொண்டு வந்தன.

பிறகு முடிச்சின் மேல் ஓர் அகப்பைக் காம்பை வைத்துக் கட்டி முறுக்கினார். மூன்றாவது சுற்றில் என் விரலுக்கடியில் துடிப்பு நின்றது.

"வலிக்கிறதா தம்பி?"

"சரியாக வலிக்கிறது, மிஸ்."

"வலிக்காவிட்டால்தான் பிழை" என்று சொல்லி உடனே அவிழ்த்துவிட்டார்.

போர்க்களத்தில் காயப்பட்டவரின் உயிரைப் பிடித்து வைக்கும் டூர்னிக்கெட் என்ற இறுக்குப் பட்டியின் சூட்சுமம் முழுவதும் அந்த மூன்று சுற்றில் இருக்கிறது. இதயத்துக்குத் திரும்பிப் போகும் குழாய்களான நாளங்களில் குருதி மிகக் குறைந்த அமுக்கத்தில் ஓடுகிறது. சும்மா கட்டினாலே அவை நசுங்கிவிடும். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் குழாயான நாடியில் இதயத்தின் தள்ளல் நேராக வருகிறது, அமுக்கம் 120 மில்லிமீற்றர் இரசம் அளவுக்கு ஏறும். ஆகவே அரைகுறையாக இறுக்கினால் உள்ளே வரும் வழி திறந்தும், திரும்பிப் போகும் வழி அடைத்தும் கிடக்கும். காயத்திலிருந்து குருதி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். படங்களில் கதாநாயகி சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டுவது பார்க்க அழகுதான். பெரிய நாடி அறுந்த காலுக்கு அது கெடுதலே செய்யும். வெறும் கையால் கொடுக்க முடியாத இறுக்கத்தைக் குச்சியின் முறுக்கு கொடுக்கிறது. 1718 இல் பாரிஸ் அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தி இதே வேலைக்குத் திருகாணி வைத்தார். இன்றைய படையினரின் பட்டியில் குச்சி மறுபடி வந்திருக்கிறது.

அகலமும் முக்கியம். கயிறோ கம்பியோ தோலையும் நரம்பையும் வெட்டுமே தவிர, அதன் அமுக்கம் தசையைக் கடந்து எலும்போரம் ஓடும் நாடி வரை போய்ச் சேராது. ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் அகலமாவது வேண்டும்.

அவசரம் எவ்வளவு? வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் குருதி. தொடை நாடி முழுதாக அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். மாலை நேரத்துக் காலி வீதியை அறிந்தவர்களுக்கு, 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அந்த நிமிடங்கள் எங்கே போயிருக்கும் என்று தெரியும். அதனால்தான் போர்க்கள மருத்துவத்தில் பழைய வரிசை மாறியது: மூச்சுவழியைப் பார்ப்பதற்கு முன்பே பெருங்குருதியை நிறுத்துகிறார்கள்.

இந்தப் பட்டிக்கு நெடுங்காலம் கெட்ட பெயர் இருந்தது. உலகப் போர்களில் கட்டிய கட்டோடு மணிக்கணக்கில் கிடந்தவர்கள் கால்களை இழந்தார்கள்; பழி பட்டியின் மேல் விழுந்தது. பக்தாத்திலிருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2009 இல் வெளியானபோது அந்தப் பழி பெரும்பாலும் கழன்றது. குருதியிழப்பால் உடலின் குருதியோட்டம் தளரும் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன் கட்டப்பட்டவர்களில் 90 வீதமானோர் பிழைத்திருந்தார்கள். போன பின் கட்டப்பட்டவர்களில் 10 வீதம். பட்டியால் மட்டுமே கை கால் போனவர் ஒருவரும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்துவிட்டால் ஆபத்துக் குறைவு. இடையிடையே தளர்த்திவிடும் பழைய வழக்கம்தான் பொல்லாதது. ஒவ்வொரு தளர்த்தலிலும் இன்னும் கொஞ்சம் குருதி போகும்.

ஆனால் எல்லாக் காயத்துக்கும் இது உதவாது. கவட்டிலும் அக்குளிலும் பட்டியைச் சுற்ற இடமில்லை. அங்கே துணியைக் காயத்தின் அடிவரை திணித்துப் பல நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். இராணுவங்கள் பயன்படுத்தும் ஒருவகைத் திணிப்புத் துணியில் கயோலின் தடவியிருக்கும். பொரலஸ்கமுவவில் பீங்கானுக்குத் தோண்டினார்களே, அந்த இனத்து வெண்களிமண்தான். அதன் மேற்பரப்பு, குருதி உறைதலைத் தொடக்கும் புரதம் ஒன்றைத் தூண்டிவிடுகிறது. மார்பு, வயிற்றுக்குள்ளே கசியும் குருதிக்கோ களத்தில் பட்டியும் இல்லை, திணிப்பும் இல்லை. சத்திரசிகிச்சை மேசைக்கு விரைவாகக் கொண்டுபோவதுதான் வழி.

போர்வையையும் மறக்கக்கூடாது. கொழும்பின் வெக்கையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். குருதி இழந்த உடல் தன் சூட்டைத் தானே காக்க முடியாமல் குளிர்கிறது. குளிர்ந்த குருதி சரியாக உறையாது. உறையாதது இன்னும் ஒழுகும்.

கடைசியாகத் தாதி பேனையை எடுத்துப் பையனின் நெற்றியில் 10.42 என்று எழுதினார். கட்டிய நேரம் அது. அடுத்துப் பார்க்கும் மருத்துவர் சிங்களவரோ தமிழரோ, இலக்கம் வாசிக்கத் தெரிந்தால் போதும். வகுப்பு முடிந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியபோதும் பையன் அதைத் துடைக்கவில்லை. கொண்டக்டர் ஒருமுறை நெற்றியைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.