சொல் விளக்கம்: கழிவுநீர் சுத்திகரிப்பு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடை வாசலில் ‘50 விழுக்காடு கழிவு’ என்று எழுதியிருந்தால் உள்ளே நுழைகிறோம். கிள்ளான் ஆற்றில் கழிவு என்றால் முகம் சுளிக்கிறோம். இரண்டுக்கும் வேர் ‘கழி’. கழிதல் என்பது நீங்குதல். விலையிலிருந்து நீங்கியதும் கழிவு, வீட்டிலிருந்து நீங்கியதும் கழிவு. கழிவறை, குளியலறை, சமையலறை நீரெல்லாம் சேர்ந்தது கழிவுநீர். மலாயில் இது ‘கும்பாஹான்’. அலசுதலைக் குறிக்கும் ‘கும்பா’ என்ற வினையிலிருந்து வந்தது.

‘சுத்திகரிப்பு’ வடமொழி வழிச் சொல். சுத்தி தூய்மை, கரணம் செய்தல். என் மனக்குறை இச்சொல்லின் மீதுதான். குடிநீர் ஆலைக்கும் இதையே சொல்கிறோம்; ஆகவே கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளிவருவதும் தூயநீர் என்றே பலர் நம்புகிறார்கள். உண்மையில் அங்கு நடப்பது வேறு. கம்பிச் சல்லடை குப்பையைத் தடுக்கிறது, மணல் படிகிறது. பிறகு காற்று செலுத்தும் தொட்டியில் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்று பெருகி, பின்னர் அசைவற்ற நீரில் சேறாக அடியில் தங்குகின்றன. மேலே தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகிறது. இதே கழிவு நேராக ஆற்றில் விழுந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஆற்றின் உயிர்வளியைத் தின்னவிருந்த வேலையைத் தொட்டியிலேயே முடித்து அனுப்புவதுதான் நிலையத்தின் பணி.

முழுத் தூய்மையைச் சட்டமும் கேட்பதில்லை. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, புதிய நிலையங்களில், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்மடையில் உள்ளவற்றுக்கு, வெளியேறும் நீரின் உயிர்வளித் தேவை (மிஞ்சிய கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உயிர்வளி) லிட்டருக்கு 20 மில்லிகிராம்வரை இருக்கலாம், மற்றவற்றுக்கு 50. எனவே ‘மாசகற்றல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்: கழிவுநீர் மாசகற்று நிலையம். மாசு அகல்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. தூய்மை என்று வாக்களிப்பதில்லை.

கோலாலம்பூரின் ‘பந்தாய் 2’ நிலையம் தரைக்கு அடியில் இயங்குகிறது, மேலே பூங்கா. ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்ற கணக்கில், ஏறத்தாழ 14 லட்சம் பேரின் கழிவுநீரைக் கையாளும் அளவு கொண்டது.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘சாக்கடை’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இங்கே இரண்டு வெவ்வேறு வழிகள். கழிவறை நீர் மூடிய குழாய் வழியே நிலையத்துக்குப் போகிறது. மலாயில் ‘லொங்காங்’ எனப்படும் திறந்த வாய்க்கால் மழைநீர் வடிகால். அது பெரும்பாலும் நேரே ஆற்றில் கலக்கிறது. பழைய வீடுகள் பலவற்றின் சமையலறை நீரும் லொங்காங்கில்தான் விழுகிறது. மஸ்ஜிட் இந்தியா பகுதியில், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சந்திக்கும் இடத்துக்கு அருகில், ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி கழுவிய நீரை லொங்காங்கில் ஊற்றினால், எந்த நிலையத்தையும் தொடாமல் அது ஆற்றைச் சேரக்கூடும். கொழுப்பைப் பிடித்துவைக்கும் தொட்டி வழியாக அது கழிவுநீர்க் குழாய்க்குள் போக வேண்டும்.