பட்டுப்புடவை மடிப்பும் போடாக்ஸ் ஊசியும்

அம்மாவின் பீரோவில் அவருடைய கல்யாணப் பட்டு இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை அதை எடுத்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, பழைய கோட்டில் விழாதபடி வேறு மாதிரி மடித்து வைப்பார். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே ஜரிகை அறுந்து, பட்டும் இற்றுப்போகும். புடவை கட்டுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றியில் கோடு விழுவதும் பாதிக்குமேல் இதே கதைதான். என்ன, முகத்தை உதறி மாற்றி மடிக்க வழியில்லை.

கை, கால் தசைகள் பெரும்பாலும் ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடிகின்றன. முகத் தசைகள் அப்படியில்லை. பலவும் போய் முடிவது தோலில்தான். தசை சுருங்கினால் தோலும் கூடவே இழுபட்டு மடிகிறது. அந்த மடிப்பு தசை ஓடும் திசைக்குக் குறுக்காக விழுகிறது. நெற்றித் தசை மேலும் கீழுமாக ஓடுவதால், வியப்பில் புருவத்தைத் தூக்கும்போது விபூதிப் பட்டை போலப் படுக்கைக் கோடுகள் வருகின்றன. புருவங்களை நடுவே இழுக்கிற தசை பக்கவாட்டில் ஓடுகிறது. அதனால் முகம் சுளித்தால் அங்கே நிமிர்ந்த கோடுகள், நாமம் போட்டது போல. சைவம், வைணவம் இரண்டும் ஒரே நெற்றியில்.

இருபது வயதில் சுளிப்பு போனதும் கோடும் போய்விடும். நாற்பதைத் தாண்டினால் சுளிப்பு போன பிறகும் கோடு தங்கிவிடுகிறது. இடையில் துணி மாறியிருக்கிறது. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் நார். இழுத்து விட்டால் பழையபடி திரும்ப வைப்பது எலாஸ்டின். வளர்ந்த பிறகு கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதல் ஐந்தாண்டுகளில் 30 விழுக்காடு வரை போய்விடும். எலாஸ்டின் இன்னும் மோசம். சிறு வயதில் நெய்து முடித்த சரக்கையே ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

ஆக, கோட்டுக்குக் காரணம் இரண்டு: மடிக்கிற கை, மடிபடுகிற துணி. முகச் சுருக்கத்துக்குப் போடுகிற போடாக்ஸ் ஊசி அந்தக் கையை, அதாவது தசையை மட்டும்தான் கட்டிப்போடுகிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் விளம்பரங்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

இந்த மருந்தின் பூர்வீகம் கெட்டுப்போன இறைச்சி. 1820-களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் புளித்த தொத்திறைச்சி தின்றவர்கள் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். யூஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், அவர் கவிஞரும்கூட, நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டினார். அந்த இறைச்சியிலிருந்த நச்சைச் சொட்டுக் கணக்கில் தானே நாக்கில் வைத்தும் பார்த்தார். தசைகள் அடங்காமல் துடிக்கிற நோய்களுக்கு இதே நச்சு மிகச் சிறிய அளவில் மருந்தாகலாம் என்று எழுதியும் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் 87 வயது முதியவர் ஒருவரின் இறுதிச் சடங்கு. வாசித்து முடித்த பேண்டு வாத்தியக்காரர்கள் விடுதியில் உட்கார்ந்து பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பலர் சாவின் விளிம்பு வரை போய் வந்தார்கள். மிச்சமிருந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கெம் என்ற நுண்ணுயிரியலாளர் அந்த நச்சைச் சுரக்கிற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். லத்தீனில் தொத்திறைச்சிக்கு போட்டுலஸ் என்று பெயர்; பாக்டீரியாவுக்கும் அதை ஒட்டியே பெயர் விழுந்தது. முதுமையை மறைக்கிற ஊசியின் கதை ஒரு முதியவரின் சாவு வீட்டு விருந்தில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

மருந்தாக்கியவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவை இல்லாமல் நேராக்க, கண்ணை ஒரு பக்கம் இழுக்கும் தசையைத் தளர்த்தினால் போதும் என்று யோசித்தார். 1970-களில் குரங்குகளில் பார்த்து, பிறகு மனிதர்களுக்கு வந்தார். 1989-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வான்கூவரில் ஜீன் கேரதர்ஸ் என்ற கண் மருத்துவரும் கண் இமைத் துடிப்புக்கு இதையே போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் நோயாளி, இந்த முறை புருவ நடுவில் ஏன் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். அங்கே துடிப்பே இல்லையே என்றார் மருத்துவர். அங்கே போட்டால்தான் என் முகம் கவலையில்லாமல் தெரிகிறது என்றார் அந்தப் பெண். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். விஷயம் அன்றிரவே சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1992-இல் இருவரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க ஒப்புதல் 2002-இல் வந்தது.

சரி, உள்ளே போன ஊசி என்ன செய்கிறது?

சுளி என்று மூளை அனுப்பும் ஆணை மின்சாரமாக நரம்பு வழியே ஓடி வந்து முனையில் நின்றுவிடுகிறது. நரம்புக்கும் தசைக்கும் நடுவே மயிரிழையிலும் மிக மெல்லிய இடைவெளி. அதைக் கடந்து போகிற தூதன் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். நரம்பு முனைக்குள் அது நுண்ணிய பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆணை வந்ததும் பை முனைச் சுவரோடு ஒட்டி, வாய் பிளந்து, தூதனை வெளியே கொட்டும். பையைச் சுவரோடு இழுத்துச் சேர்ப்பவை மூன்று புரதங்கள். சடை பின்னுவது போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு அவை பையைச் சுவரை நோக்கி இழுக்கின்றன. (உயிரணுக்களுக்குள் இந்தப் பைகளின் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்று கண்டதற்கு ராத்மன், ஷெக்மன், சுடாஃப் மூவருக்கும் 2013-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.)

மூன்று புரதங்களில் ஒன்று ஸ்நாப்-25. அதில் 206 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. போடாக்ஸ் ஒரு கத்திரி. அதன் வாலிலிருந்து 9 அமினோ அமிலங்களை மட்டும் நறுக்கிவிடுகிறது. அவ்வளவுதான். நுனி போன இழையை வைத்துக்கொண்டு சடை பின்ன முடியவில்லை. பை வாய் திறப்பதில்லை. மூளை எவ்வளவு கத்தினாலும் தசைக்குக் கேட்பதில்லை.

கத்திரி உள்ளே நுழைகிற விதம் இன்னும் நேர்த்தியானது. பை வாய் திறந்து கொட்டும்போது அதன் உட்புறத்தில் இருக்கிற புரதம் ஒன்று கணநேரம் வெளியே தெரியும். நச்சு அதைப் பற்றிக்கொள்கிறது. காலியான பையை நரம்பு திரும்ப உள்ளே இழுக்கும்போது நச்சும் கூடவே போய்விடுகிறது. அப்படியானால் ஓயாமல் வேலை செய்கிற நரம்புதான் அடிக்கடி கதவைத் திறக்கிறது; நச்சையும் அதுவே அதிகம் வாங்கிக்கொள்கிறது.

இந்த நச்சு கிராம் கணக்கில் உலகத்தையே மிரட்டக் கூடியது. ஆனால் புருவ நடுவே ஐந்து இடங்களில் போடுகிற மொத்த மருந்தில் இருப்பது நானோகிராம் அளவுதான். உயிர்ப் பயம் தேவையில்லை. இடம் தவறுவதுதான் தொல்லை. உறவுக்காரப் பெண் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் அழகு நிலையத்தில் போட்டுக்கொண்டார். மருந்து கொஞ்சம் கீழே பரவி, இமையைத் தூக்கும் தசையை எட்டிவிட்டது. வரவேற்பு ஆல்பம் முழுக்க ஒரு கண் பாதி மூடியபடி நிற்கிறார். சொட்டு மருந்து இமையை ஓரளவு தூக்கும். மற்றபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். முகத் தசையின் வரைபடம் தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுப்பது எந்த நிலையத்திலும் சரியில்லை.

ஊசி போட்ட சில நாளில் வேலை தொடங்கும். இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். முடங்கிய முனையின் அருகே நரம்பு புதுத் துளிர் விட்டுத் தசையைத் தேடுகிறது. அப்புறம் வெட்டுப்பட்ட புரதத்துக்குப் பதில் புதியது வந்து பழைய முனை விழித்துக்கொள்ள, துளிர்கள் பின்வாங்கிக்கொள்கின்றன. உடம்பைப் பொறுத்தவரை இது சரிசெய்ய வேண்டிய ஒரு காயம். அழகுக்காகப் பணம் கட்டியிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

இத்தனையும் மடிக்கிற கையைப் பற்றித்தான். முகம் மூப்படைவது அதைவிட ஆழமான சங்கதி. கண்குழியின் எலும்பு விளிம்பு தேய்ந்து குழி அகலமாகிறது. தாடை எலும்பு குறுகுகிறது. கன்னத்தில் திண்டு திண்டாக இருந்த கொழுப்பில் சில வற்றுகின்றன, சில சரிகின்றன. பந்தக்கால் இளைத்தால் பந்தலும் தொய்யத்தானே செய்யும்? இங்கே போடாக்ஸுக்கு வேலையே இல்லை. வற்றிய இடத்தை ஹையலுரானிக் அமில ஊசியால் நிரப்புகிறார்கள். தொய்ந்ததை அறுவை செய்து தூக்குகிறார்கள்.

முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவையில் முன்பெல்லாம் தோலை மட்டும் இழுத்தார்கள். தோலுக்கு இழுபடுகிற குணம் உண்டு. கொஞ்ச நாளில் மறுபடி தளர்ந்தது. அதுவரையில் முகம் எதிர்க்காற்றில் வண்டி ஓட்டுகிறவர் போல இருந்தது. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கு அடியில், முகத் தசைகளோடு பின்னிய ஒரு நார்ப் படலத்தை விவரித்தார்கள். இப்போது பாரத்தைத் தாங்க அந்தப் படலத்தைத் தூக்கித் தைத்து, தோலை அதன்மேல் தளர்வாகப் போர்த்துகிறார்கள். பத்தாண்டு போலத் தாங்கும். கடிகாரத்தைப் பின்னால் நகர்த்தலாமே தவிர, அது ஓடுவது நிற்காது.

துணியைக் கெடுப்பதில் வயதையும் மிஞ்சியது வெயில். 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது ஓட்டுநரின் படம் வந்தது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் உழுத வயல் போல இருந்தது. வலது கன்னம் பல வயது இளையவருடையது. வெயிலைக் கண்ணாடி தடுக்கும் என்பார்கள். ஆனால் வெயிலில் இருக்கும் யுவி-ஏ என்ற புற ஊதாக் கதிர் பெருமளவு கண்ணாடியைத் தாண்டி, தோலின் ஆழம் வரை போய் நார்களை அறுக்கிறது. நம்மூர் பஸ் ஓட்டுநர்களுக்கு ஜன்னல் வலது பக்கம்.

கருப்பும் மாநிறமுமான தோலுக்கு மெலனின் ஒரு குடை. வெள்ளைத் தோலைவிடப் பல ஆண்டு தள்ளித்தான் நமக்குச் சுருக்கம் விழுகிறது. மங்கு, கண்ணடிக் கருமை போன்ற நிறக் கோளாறுகள்தான் முதலில் வரும். இலவசமாகக் கிடைத்த அந்தக் குடையை மடக்கி வைக்க நாம் காசு கொடுத்துச் சிவப்பழகு க்ரீம் வாங்குகிறோம். சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு தோலையே காகிதமாக மெலிய வைக்கும். இந்த வியாபாரத்தைப் பற்றி நான் நிதானமாக எழுத முடியாது என்பதால் இதோடு விடுகிறேன்.

முகத்தைப் பார்த்து நொந்துகொள்வதற்குக் கருவியும் ஒரு காரணம். ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு கிட்டத்தட்ட 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்காவில் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு கேமராவுக்கு அருகில், காது தள்ளி. அதனால் வருகிற கோணல் அது. ஐந்து அடி தள்ளி நின்றால் கோணல் ஏறத்தாழப் போய்விடுகிறது. எதிரே நின்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அந்த இரண்டாவது மூக்கைத்தான்.

நரை, திரை, மூப்பு என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்வோம். திரை என்றால் தோல் சுருக்கம்; கடலலைக்கும் அதுதான் பெயர். பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிய ஔவையின் கதையை வைத்திருக்கும் ஊரில் முதுமை வைத்தியம் செய்ய வேண்டிய கோளாறாகிவிட்டது. ஊசி போட்டுக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நரையை நானும் சாயம் போட்டு மறைக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தயங்குவேன். பிரான்சின் துஷென் 1862-இல் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். மனசார வரும் சிரிப்பில் உதட்டோடு கண்ணைச் சுற்றிய வளையத் தசையும் சுருங்குகிறது என்றார்; அதை வேண்டுமென்று சுருக்குவது கடினம் என்பது அவர் எண்ணம். கண்ணோரத்தில் விசிறியாக விழும் கோடுகள் அந்தத் தசை போட்டவை. அங்கே தாராளமாக ஊசி போட்டால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது. நெற்றியில் பட்டை, புருவ நடுவில் நாமம், கண்ணோரத்தில் விசிறி எல்லாம் உண்டு. போன வாரம் பட்டுப்புடவையை எடுத்து உதறியபோது அந்துருண்டை நெடி அடித்து முகத்தைச் சுளித்தார். நெடி போய் வெகு நேரமாகியும் நாமம் இருந்தது.