நீலோற்பலத்தைக் குளத்தில் பார்த்து வரையட்டும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் சித்திரப் பாடம் கற்பிக்கும் எனக்கு, சுதந்திர தினத்தையொட்டிய சித்திரப் போட்டிகளில் நடுவராக அமரும் வாய்ப்பும் கிடைப்பதுண்டு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து வரையும் மண்டபத்தில், தேசியக் கொடியைத் தலைப்பாகக் கொடுத்தால் சிலரது கை தயங்குவதையும், தேசிய மலரைக் கொடுத்தால் அதே கை தடையின்றி ஓடுவதையும் பல தடவை கண்டிருக்கின்றேன்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1948இல் சிங்கக் கொடியே ஏற்றப்பட்டது. முஸ்லிம்களையும் தமிழர்களையும் குறிக்கும் பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் 1951இல்தான் சேர்க்கப்பட்டன. அதனை ஆராய்ந்த குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அவ்வடிவத்துக்கு உடன்படவில்லை. எங்கள் நிறம் ஏன் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்று ஒரு மாணவி கேட்டபோது, இந்த வரலாற்றையே மறைக்காமல் சொன்னேன். இத்தகைய கேள்வியை அதட்டி அடக்கும் ஆசிரியர், பிள்ளையிடமிருந்து கொடியை இன்னும் தூரமாக்குகின்றார்.

1986இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலத்துக்கு அத்தகைய சுமை இல்லை. தமிழ்ப் புலவர்கள் கண்ணுக்கு உவமை சொன்ன குவளை அது. சிகிரியா ஓவியப் பெண்களின் கைகளிலும் மலர்கள் உண்டு. மனித, விலங்கு உருவங்களை வரைவதைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கு, சிங்கம் தரும் சங்கடத்தை இந்த மலர் தருவதில்லை.

ஆனால் போட்டிக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை நீலோற்பலமே அல்ல. அச்சுப் படங்களிலும் கைத்தொலைபேசியிலும் காணப்படும் அடர் ஊதா மலர் ஒரு கலப்பினம் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்து காட்டியிருக்கின்றார்கள். நம் நாட்டு மலரின் நிறம் வெண்மை கலந்த இளநீலம். ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோரே, படத்தைப் பார்த்துப் படம் வரைய விடாதீர்கள். பெரியவர்களின் துணையோடு, மலர் விரிந்திருக்கும் காலை வேளையில் ஊர்க்குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வவுணதீவுப் பக்கத்துக் குளமொன்றுக்கு என் வகுப்பை அப்படித்தான் அழைத்துச் சென்றேன். தாமரை இலை முழு வட்டமாக நீருக்கு மேலே எழுந்து நிற்க, நீலோற்பலத்தின் இலை காம்பு வரை பிளந்து நீரோடு படிந்து கிடப்பதை முதலில் கண்டு சொன்னவள், கொடியைப் பற்றிக் கேட்ட அதே மாணவி. அன்று அவள் மலரை விட்டுவிட்டு இலைகளையே தாள் நிறைய வரைந்தாள்.