கீழே எது என்று வேருக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடி டம்ளரின் உட்புறமாக ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு காராமணியைச் செருகி வைத்தோம். மூன்றாம் நாள் வெள்ளை வேர்கள் நேராகக் கீழே இறங்கியிருந்தன. டம்ளரை அப்படியே படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை ஒவ்வொரு வேரும் முழங்கையை மடக்கியதுபோல வளைந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அதுக்கு எப்படி சார் தெரியும்?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். விண்வெளி விவசாயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

வேர் நுனியை மூடியிருக்கும் செல்களுக்குள் மாவுச்சத்துத் துகள்கள் உண்டு. அரிசி களைந்த நீரில் மாவு அடியில் தங்குவதுபோல அவை செல்லின் கீழ்ப்பக்கம் படிகின்றன. துகள் படிந்த பக்கமாக ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் கூடுகிறது. வேரில் ஆக்சின் மிகுந்தால் வளர்ச்சி குறையும். அதனால் மேல்பக்கம் வேகமாக நீள, வேர் கீழே வளைகிறது. தண்டில் இதற்கு நேர்மாறு.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை என்று பல வகுப்பறைகளில் இன்னும் சொல்லித்தருகிறோம். அது தவறு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் நிலையமும் அதிலுள்ள அத்தனையும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எதுவும் எதன்மேலும் படிவதில்லை. மாவுத்துகளும்தான். அங்கே செடிக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் விளக்கொளி.

இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். தொட்டியில் ஊற்றினால் நமக்கு அது கீழே வடியும், பின்னாலேயே காற்று உள்ளே நுழையும். அங்கே தண்ணீர் வடியாது. பரப்பு இழுவிசையால் வேரைப் போர்வைபோலச் சுற்றிக்கொள்ளும், வேர் மூச்சுமுட்டிப்போகும். சூடான காற்று தானாக மேலெழாது என்பதால் இலையைச் சுற்றிய ஈரக்காற்றும் நகராது, விசிறி வேண்டும். 2014-இல் நிறுவப்பட்ட நாசாவின் 'வெஜ்ஜி' கருவியில் செடிகள் சிறிய துணிப்பைகளில் வளர்கின்றன. பைக்குள் சுட்ட களிமண் துகள்களும் மெதுவாகக் கரையும் உரமும் இருக்கும். விதைக்குத் தண்ணீரைக் கொண்டுசேர்ப்பது திரி, நம் அகல்விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத்தான். 2015 ஆகஸ்டில் அதில் விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை வீரர்கள் தின்றுபார்த்தார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் அங்கே வளர்ந்த ஜினியா என்ற பூச்செடிகளின் இலைகளில் நீர் கசிந்து பூஞ்சை பிடித்தது. விசிறியை வேகப்படுத்தினார்கள், செடிகள் காய ஆரம்பித்தன. அட்டவணையை விட்டுவிட்டு, செடியைப் பார்த்து நானே தண்ணீர் விடுகிறேன் என்று நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி பொறுப்பெடுத்தார். 2016 ஜனவரியில் ஜினியா பூத்தது. எங்கள் ஊர் விவசாயி எவரும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பார்.

எந்தப் பயிரை அனுப்புவது என்ற தேர்வில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மையான பங்கு இருக்கிறது. அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஃபேர்சைல்டு தாவரவியல் பூங்கா, 2015 முதல் நாசாவுடன் சேர்ந்து வகுப்பறைகளுக்குச் செடி வளர்க்கும் விளக்குப் பெட்டிகளைக் கொடுத்துவருகிறது. குறுகிய இடத்தில் எது நன்றாக வளர்கிறது என்று பிள்ளைகள் அளந்து எழுதுகிறார்கள். அப்படித் தேறிய குட்டை பாக் சோய் கீரையும் 'டிராகூன்' லெட்யூஸும் விண்வெளி நிலையத்தில் வளர்க்கப்பட்டன.

நம் பக்கமும் தொடங்கியாயிற்று. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த 'கிராப்ஸ்' பெட்டி இருந்தது. உள்ளே எட்டு காராமணி விதைகள். நாலே நாளில் முளைத்தன, பிறகு இலையும் விட்டன.

அதே காராமணிதான் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிமிடத்துக்கு ஓரிரு சுற்று மட்டும் சுற்றும் சின்ன பேட்டரி மோட்டாரில், முளைத்த விதைகளைச் செங்குத்துத் தட்டில் பொருத்தினோம். தட்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் மாவுத்துகள் எந்தப் பக்கமும் நிலையாகப் படியாது. இரண்டாம் நாள் போய்ப் பார்த்தோம். ஒரு வேர்கூடத் தரைப்பக்கம் திரும்பவில்லை, எந்தத் திசையில் ஒட்டினோமோ அந்தத் திசையிலேயே நீண்டிருந்தது.