ரெக்கார்டு செய்த போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள்

"சார், அவருக்குத் தெரியாம போன்ல பேசினத ரெக்கார்டு பண்ணிட்டேன், கோர்ட்ல செல்லுமா, இல்ல எம்மேலயே கேஸ் ஆயிருமா?" மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் கட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. இறாலுக்கும் நண்டுக்கும் ஏவாரி கொடுக்கும் முன்பணம், வல்லம் என்னும் சிறு படகை விற்ற பாக்கி என எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. தகராறு வந்த பிறகு கையில் மிஞ்சுவது, போனில் அவர் கடனை ஒப்புக்கொண்ட அந்த இரண்டு நிமிடம்தான்.

நீங்கள் பேசிய அழைப்பை நீங்களே பதிவு செய்வது குற்றம் என்று தனியாகச் சொல்லும் சட்டப்பிரிவு நம்மிடம் இல்லை. பம்பாயில் ஒரு மரண விசாரணை அதிகாரி லஞ்சம் கேட்ட மல்கானி வழக்கில், அவருக்குத் தெரியாமல் பதிவான போன் பேச்சை உச்ச நீதிமன்றம் 1972லேயே ஏற்றுக்கொண்டது. பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று காட்ட வேண்டும், வெட்டி ஒட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்தவர் போனில் கைவைப்பது வேறு விஷயம். பரமக்குடி நீதிமன்றத்திலிருந்து போன ஒரு விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தம்பதிக்கு இடையிலான பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது. இதைக் கேள்விப்பட்டு, மனைவி போனில் ஒட்டுக்கேட்கும் ஆப் போடலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தீர்ப்பு கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசியதைப் பற்றியது. அனுமதியில்லாமல் ஒருவர் போனுக்குள் நுழைவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

நல்ல சாட்சியம் கெட்டுப்போவதை நான் அதிகம் பார்ப்பது ரெக்கார்டு செய்த பிறகுதான். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருப்பார், அல்லது உப்புத்தண்ணி பட்டு சர்வீஸ் கடையில் எல்லாவற்றையும் அழித்திருப்பார்கள், மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு துண்டு மட்டும் இருக்கும், அதுவும் தனக்குச் சாதகமான இடத்தை மட்டும் வெட்டி எடுத்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி, நகலைத் தாக்கல் செய்தால் கூடவே சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியை நீங்கள் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். அது கோப்புக்குக் கைரேகை மாதிரி, ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும். ரெக்கார்டான போனையே கொண்டுவந்து, அது உங்களுடையதுதான் என்று கூண்டேறிச் சொன்னால் இந்தச் சான்றிதழே தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சர்வீஸ் கடையில் போனைக் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்திருந்தால், அந்த இரண்டாவது போன்தான் அசல். அது தம்பியுடையது என்றால் சாட்சி சொல்லத் தம்பியும் வர வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம், பதிவை ஸ்டேட்டஸில் போட்டு அவரை மிரட்டாதீர்கள், வாதியாக நிற்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். முழுப் பதிவையும் வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளுங்கள். கடலுக்கு அந்த வேறு போனை எடுத்துப் போங்கள். ரெக்கார்டு இருக்கும் போன் வழக்கு முடியும்வரை வீட்டு பீரோவில் இருக்கட்டும்.