பல்லுயிர் பாரம்பரியத் தலம்: ஊர் நிலம் கைவிட்டுப் போகுமா?

ஊர்ப் பாறையையோ கோயில் காட்டையோ ‘பல்லுயிர் பாரம்பரியத் தலம்’ (பலவகை உயிர்கள் வாழும், காக்க வேண்டிய இடம்) என்று அறிவிக்கலாம் என்ற பேச்சு வந்தாலே, “அப்போ ஆடு மாடு மேய்க்க விடமாட்டாங்களா?” என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான பயம். ஆனால் இது சரணாலயம் போன்றது அல்ல. உள்ளூர் மக்களின் நடப்பு வழக்கங்களுக்கு இந்த அறிவிப்பு தடை போடக் கூடாது, அவர்களே விரும்பி ஏற்கும் கட்டுப்பாடு மட்டுமே செல்லும் என்கிறது தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 37ஆவது பிரிவுதான் அடிப்படை. உள்ளாட்சியைக் கலந்து பேசித்தான் மாநில அரசு அறிவிக்க முடியும். அறிவிப்பால் யாருக்காவது பிழைப்பு பாதித்தால் இழப்பீட்டுக்கோ மறுவாழ்வுக்கோ திட்டம் வகுப்பதும் அரசின் கடமை.

தமிழ்நாட்டில் முதல் தலம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் அறிவித்தார்கள். லகர் வல்லூறு பறக்கிறது, தேவாங்கும் எறும்புதின்னியும் இருக்கின்றன. அதே குன்றுகளில் சமணர் படுக்கைகள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு, குடைவரைக் கோயில். குன்றில் ஊறும் நீர்தான் சுனைகளையும் கண்மாய்களையும் நிரப்புகிறது. இங்கே இயற்கை வேறு, பண்பாடு வேறு என்று பிரிக்கவே முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அறிவிப்பு வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிட முடியாது. 2024 நவம்பரில் இந்தத் தலமும் அடங்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் வாதாடும்போது அந்த அறிவிப்பு கையில் இருந்தது பெரிய பலம்.

உங்கள் ஊரிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறதா? பரப்பு சிறிதாயிற்றே என்று தயங்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 2025இல் அறிவித்த கோயில் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். கிராம சபையில் பேசித் தீர்மானம் போட்டு, அந்தக் குழு வழியாக மாநில பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்பலாம். அப்புறம், ஊரின் உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்ததையும் குழு எழுதி வைக்கும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’. அதை எழுதும் நாளில் ஆடு மேய்ப்பவர்களையும் மூலிகை தெரிந்த பாட்டிகளையும் கட்டாயம் உட்கார வையுங்கள். எந்தச் சுனை எந்த மாதம் வற்றும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.